எந்த மதகுத் தண்ணீர் எந்த வயலுக்கு? ஓஎஸ்ஜிஐ-யில் சர்வ்லெட்டைக் கனெக்டரோடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். எடைமேடை, நெல்லின் ஈரப்பதம், மூட்டைக் கணக்கு, பணப் பட்டுவாடா எல்லாம் ஒரே ஜாவா நிரலுக்குள் ஓடும். ஆனால் அதைத் தொடுகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. எடைமேடைக்காரர் ஆலைக்குள் இருக்கும் கணினியிலிருந்து வருவார். நெல் போட்ட விவசாயி, பணம் ஏறிவிட்டதா என்று வீட்டிலிருந்தே போனில் பார்ப்பார். விலையையும் கணக்கையும் திருத்துகிற பக்கமோ அலுவலக அறையைத் தாண்டவே கூடாது. ஆக, ஒரே நிரலுக்கு மூன்று வாசல் வேண்டும். எந்தப் பக்கம் எந்த வாசலில் தெரியலாம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு பாதைக்கு வரும் கோரிக்கைக்குப் பதில் தருகிற ஜாவா வகுப்புதான் சர்வ்லெட். வாசல்தான் கனெக்டர். நிரலைத் துண்டுகளாகப் பிரித்து, ஓடும்போதே சேர்க்கவும் எடுக்கவும் விடுகிற ஜாவா அமைப்புதான் ஓஎஸ்ஜிஐ.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் தஞ்சாவூர், மன்னார்குடிப் பிள்ளைகள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். ப்ராப்பர்ட்டி பெயர்களை ஓசைப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், புள்ளிகளை இங்கே உள்ள இடத்திலேயே வைத்து அடியுங்கள்.

கனெக்டர் என்றால் போர்ட்தானே? எதற்குத் தனிப் பெயர்?

போர்ட் என்பது வெறும் எண். கனெக்டர் என்பது சர்வருக்குள் இருக்கும் ஒரு பொருள். எந்த ஐபி முகவரியில், எந்தப் போர்ட்டில், எந்த நெறிமுறையில் கேட்பது என்பது மூன்றும் அதில் அடங்கும். ஜெட்டி என்ற ஜாவா வெப் சர்வரில் அதற்கு ஒரு பெயரும் வைக்கலாம். 192.168.1.10 முகவரியில் 9090, வெளியுலகுக்கு 8443 எச்டிடிபிஎஸ் என்று இரண்டு கனெக்டர்கள் ஒரே சர்வரில் இருக்க முடியும். போர்ட் எண் நாளைக்கு மாறலாம், பெயர் மாறாது. அதனால் நிரலுக்குள் எண்ணை எழுதாமல் பெயரை எழுதப் பழகுவது நல்லது.

சர்வ்லெட் வகுப்பிலேயே ஒரு வரி எழுதி, "நீ இந்தக் கனெக்டரில் மட்டும் வா" என்று சொல்ல முடியாதா அக்கா?

முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சர்வ்லெட் விதிமுறையில் கனெக்டர் என்ற பேச்சே கிடையாது. சர்வ்லெட்டுக்குத் தெரிந்தது அதன் பாதை மட்டும்தான். வெப்சர்வ்லெட் அனோட்டேஷனைத் திறந்து பாருங்கள், பாதை, பெயர், தொடக்க மதிப்புகள் எல்லாம் இருக்கும், போர்ட் இருக்காது. ஓஎஸ்ஜிஐ-யின் பழைய எச்டிடிபி சர்வீஸும் அப்படித்தான். ரிஜிஸ்டர்சர்வ்லெட் என்ற அதன் மெத்தட் வாங்கிக்கொள்வது நாலே நாலு: பாதை, சர்வ்லெட், தொடக்க மதிப்புகள், கான்டெக்ஸ்ட் (சில சர்வ்லெட்டுகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு). கனெக்டருக்கு அதில் இடமில்லை.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணாற்றில் வரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு வயல் "எனக்கு இந்த மதகிலிருந்துதான் தண்ணீர் வேண்டும்" என்று கேட்பதில்லை. வயல் ஒரு வாய்க்காலைச் சேர்ந்தது. வாய்க்கால் ஓர் ஆற்றைச் சேர்ந்தது. ஆற்றுக்குத் தலைப்பில் மதகு இருக்கிறது. வாய்க்கால் எந்த மதகைச் சேர்ந்ததோ, வயலும் அதைச் சேர்ந்தது.

சர்வ்லெட் வயல், கான்டெக்ஸ்ட் வாய்க்கால், கனெக்டர் மதகு. கோரிக்கை ஒரு கனெக்டர் வழியாக உள்ளே வரும், ஒரு கான்டெக்ஸ்டுக்குப் போகும், அங்கிருந்து சர்வ்லெட்டை அடையும். எனவே கட்ட வேண்டிய முடிச்சு சர்வ்லெட்டில் இல்லை. ஒன்று, கான்டெக்ஸ்டை ஒரு கனெக்டரோடு கட்டுங்கள். இல்லையென்றால், கனெக்டருக்கு ஒன்றாகத் தனித்தனி சர்வரே வைத்து, சர்வ்லெட் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். முறையான வழிகள் இந்த இரண்டுதான்.

ஓஎஸ்ஜிஐ-யை மாட்யூல் ஜாவா என்கிறார்களே, அது ஜாவா 9-இல் வந்த மாட்யூல்களா?

இல்லை, இரண்டும் வேறு. இங்கே பேசுவது ஓஎஸ்ஜிஐ பற்றி. ஜாவா 9 மாட்யூல்கள் வந்தது 2017-இல். ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பு 1999-லேயே தொடங்கிவிட்டது. ஜாவா 9 மாட்யூல்களில் சர்வீஸ்களை ஓடும்போதே சேர்ப்பதும் எடுப்பதும், அவற்றின் ப்ராப்பர்ட்டியை வைத்துத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

ஒயிட்போர்டு முறை என்றால் என்ன?

பழைய முறையில் நீங்கள் எச்டிடிபி சர்வீஸைத் தேடிப் பிடித்து, உங்கள் சர்வ்லெட்டை அதன் கையில் கொடுக்க வேண்டும். ஒயிட்போர்டு முறையில் சர்வ்லெட்டை ஒரு சாதாரண ஓஎஸ்ஜிஐ சர்வீஸாகப் பதிந்துவிட்டு, அதன் மேல் சில குறிப்புகளை, அதாவது ப்ராப்பர்ட்டிகளை, ஒட்டி வைத்தால் போதும். சர்வர் தானே வந்து எடுத்துக்கொள்ளும். இது 2015-இல் வந்த 6-வது வெளியீட்டில் விதிமுறையானது. ஜாவாக்ஸ் என்ற பழைய பெயரிலிருந்து ஜகார்த்தா சர்வ்லெட்டுக்கு மாறிய புதிய பதிப்பிலும் குறிப்புகளின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

நமக்கு வேண்டிய குறிப்புகள் மூன்று. ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.ஒயிட்போர்டு.சர்வ்லெட்.பேட்டர்ன் என்பது பாதை. ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.ஒயிட்போர்டு.கான்டெக்ஸ்ட்.செலக்ட் என்பது எந்தக் கான்டெக்ஸ்ட் என்று சொல்வது. ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.ஒயிட்போர்டு.டார்கெட் என்பது எந்த சர்வர் என்று சொல்வது. இந்தக் கடைசிக் குறிப்புதான் இந்தப் பக்கத்தின் கதாநாயகன்.

டார்கெட்டில் எழுதுவது ஒரு எல்டாப் வகை ஃபில்டர், அதாவது (பெயர்=மதிப்பு) என்ற வடிவில் எழுதும் நிபந்தனை. ஒவ்வொரு சர்வரும் தன்னை எச்டிடிபிசர்வீஸ்ரன்டைம் என்ற சர்வீஸாகப் பதிந்து வைத்திருக்கும். அந்த ரன்டைமின் ப்ராப்பர்ட்டிகளோடு உங்கள் ஃபில்டர் பொருந்தினால் சர்வ்லெட்டை எடுத்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் ஏறெடுத்தும் பார்க்காது.

சரி, ஃபெலிக்ஸில் இதை எப்படிச் செய்வது?

ஃபெலிக்ஸ் என்பது அப்பாச்சியின் ஓஎஸ்ஜிஐ மென்பொருள். பண்டில் என்பது ஓஎஸ்ஜிஐ-யில் ஏற்றும் ஒரு துண்டு, ஒரு ஜார் கோப்பு. ஃபெலிக்ஸின் எச்டிடிபி ஜெட்டி பண்டில் எந்த அமைப்பும் கொடுக்காமல் ஏறினால் 8080-இல் ஒரு சர்வரை எழுப்பும். அதன் அமைப்பு அடையாளம் ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி. இதே பெயரை ஃபேக்டரி அடையாளமாக வைத்து மேலும் அமைப்புகள் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி சர்வர் எழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ரன்டைமும் கிடைக்கும்.

ஃபைல் இன்ஸ்டால் பண்டில் (கோப்புறையில் போட்ட அமைப்புக் கோப்புகளைத் தானே ஏற்றிக்கொள்வது) பயன்படுத்துகிறவர்கள் கோப்பின் பெயரில் கவனம் வையுங்கள். அடையாளத்துக்குப் பிறகு ஒரு சிறு கோடு, அதன் பின் நம் பெயர், கடைசியில் சிஎஃப்ஜி. ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி-அலுவலகம்.சிஎஃப்ஜி என்பது போல. கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்துவிட்டால் அது வேறு ஏதோ ஒரு அமைப்பாகிவிடும். சர்வர் எழாது, பிழையும் காட்டாது. என்னோடு வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரு முறையாவது இதில் அரை நாளை விட்டிருக்கிறார்கள்.

கோப்புக்குள் மூன்று வரி போதும்:

ஆர்க்.ஓஎஸ்ஜிஐ.சர்வீஸ்.எச்டிடிபி.போர்ட் = 9090
ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.ஹோஸ்ட் = 192.168.1.10
ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.ரன்டைம்.இனிட்.மதகு = அலுவலகம்

மூன்றாவது வரியில்தான் சூட்சுமம். "ரன்டைம்.இனிட்." என்று முடியும் அந்த முன்னொட்டோடு நீங்கள் எதை எழுதினாலும், ஃபெலிக்ஸ் முன்னொட்டை வெட்டிவிட்டு மீதியை ரன்டைமின் ப்ராப்பர்ட்டியாகப் பதிந்துவிடும். இங்கே "மதகு" என்ற ப்ராப்பர்ட்டி "அலுவலகம்" என்ற மதிப்போடு பதிவாகிறது. பெயர் உங்கள் விருப்பம். நாங்கள் மதகு என்று வைத்தோம், அதுதான் எங்கள் வாயில் நின்றது.

அப்புறம் சர்வ்லெட் பக்கம். டார்கெட் குறிப்பில் (மதகு=அலுவலகம்) என்று எழுதுங்கள். டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் (அனோட்டேஷன் எழுதியே சர்வீஸைப் பதியும் ஓஎஸ்ஜிஐ வசதி) பயன்படுத்தினால், 2018-இல் வந்த 7-வது வெளியீட்டிலிருந்து எச்டிடிபிஒயிட்போர்டுடார்கெட் என்ற அனோட்டேஷனே இருக்கிறது. ஃபில்டரை அதற்குள் போட்டுவிடலாம்.

எங்கள் ஆலை நிரலில் மூன்று கோப்புகள்: எடைமேடை, விவசாயி, அலுவலகம். அடையாளக் கோப்பான முதல் சர்வருக்கு, அதாவது கோடு இல்லாத பெயருக்கு, போர்ட்டில் ஒரு எதிர்ம எண்ணைக் கொடுத்து அணைத்துவிட்டோம். இல்லையென்றால் பெயரில்லாத ஒரு சர்வர் 8080-இல் சும்மா திறந்து கிடக்கும்.

ரன்டைமிலேயே ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.எண்ட்பாயின்ட் என்று ஒன்று இருக்கிறதே. அதில் போர்ட்டைத் தேடினால் ஆகாதா?

ஆகும், ஆனால் நான் செய்ய மாட்டேன். அந்த ப்ராப்பர்ட்டியில் சர்வர் கேட்கும் முகவரிகள் எல்லாம் பட்டியலாக இருக்கும். (ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.எண்ட்பாயின்ட்=*:9090/*) என்று எழுதினால் பொருந்தவும் செய்யும். ஆனால் போர்ட் எண் மறுபடியும் நிரலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு பெரிய சிக்கலும் இருக்கிறது. ஒரே ரன்டைமில் 8080, 8443 என்று இரண்டு கனெக்டர் இருந்தால், பட்டியலில் இரண்டு முகவரியும் இருக்கும். நீங்கள் 8443-ஐத் தேடினீர்கள், ரன்டைம் பொருந்தியது, சர்வ்லெட் ஏறியது. இப்போது அது 8080-இலும் தெரியும்! ஃபில்டர் தேர்ந்தெடுப்பது ரன்டைமை, கனெக்டரை அல்ல. "டார்கெட் சரியாக எழுதினேன், ஆனாலும் இரண்டு போர்ட்டிலும் வருகிறது" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டார்கெட் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

எல்லா ரன்டைமும் அந்த சர்வ்லெட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று விதிமுறை சொல்கிறது. குறிப்பு இல்லையென்றால் எல்லா வாசலிலும் திறந்திருக்கிறது என்று பொருள்.

நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் ஆலைக்கு நிரல் போட்ட சமயம், குறுவை அறுவடை நெருக்கடி. விலை திருத்தும் சர்வ்லெட்டுக்கு டார்கெட் எழுத மறந்துவிட்டோம். அலுவலகக் கணினியில் சோதித்தபோது சரியாக வந்தது, ஏனென்றால் அங்கேயும் அது ஏறியிருந்தது. பத்து நாள் கழித்து எங்களிடம் பயிற்சியில் இருந்த பையன் பேருந்தில் போகும்போது, போனில் வெளி முகவரிக்குப் பின்னால் அந்தப் பாதையைச் சும்மா அடித்துப் பார்த்திருக்கிறான். விலைப்பட்டியல் பக்கம் திறந்துவிட்டது. கடவுச்சொல் கேட்டது என்பது உண்மைதான், ஆனாலும் அந்தப் பக்கம் ஆலைக்கு வெளியே எட்டிப் பார்த்திருக்கவே கூடாது. அன்று இரவே திருத்தினோம்.

அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு கட்டாயம் வந்தது. டார்கெட் இல்லாத சர்வ்லெட் எதுவும் உள்ளே வரக் கூடாது. மூன்று வாசலிலும் வர வேண்டிய படங்கள், ஸ்டைல் கோப்புகள் இருந்தால்கூட, (மதகு=*) என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மறந்ததா, தெரிந்தே விட்டதா என்ற சந்தேகமே அப்போது எழாது.

கான்டெக்ஸ்டுக்கும் டார்கெட் எழுத வேண்டுமா?

நீங்களே ஒரு சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்ஹெல்பர் பதிந்திருந்தால், அதற்கும் அதே டார்கெட்டை எழுதுங்கள். அதுவும் ஒயிட்போர்டு சர்வீஸ்தான், அதே விதிதான். சர்வ்லெட் அலுவலக ரன்டைமுக்குப் போய், அது தேடும் கான்டெக்ஸ்ட் விவசாயி ரன்டைமில் மட்டும் இருந்தால், வாய்க்கால் இல்லாத வயல் மாதிரிதான். நீங்கள் எதுவும் பதியாவிட்டால் கவலை இல்லை, "டிஃபால்ட்" என்ற பெயரில் ஒவ்வொரு ரன்டைமிலும் ஒரு கான்டெக்ஸ்ட் இருக்கும்.

ஒரே சர்வ்லெட் பல ரன்டைமிலோ பல கான்டெக்ஸ்டிலோ ஓட வேண்டுமென்றால், அதை ப்ரோட்டோடைப் ஸ்கோப்பில் பதியுங்கள். அப்போது ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பிரதி கிடைக்கும்.

நாங்கள் கராஃப் பயன்படுத்துகிறோம். அங்கே?

கராஃப் என்பது ஓஎஸ்ஜிஐ-யை ஓட்டும் இன்னொரு அப்பாச்சி தளம். அதற்குள் வெப் வேலையைப் பார்ப்பது பாக்ஸ் வெப், வழக்கமான போர்ட் 8181. இங்கே நிலைமை வேறு. ஒரே சர்வருக்குள் பல கனெக்டர்களை வைத்து, கான்டெக்ஸ்டைக் கனெக்டரோடு கட்டுவது இங்கே பழக்கம். கூடுதல் கனெக்டர்களை ஜெட்டி எக்ஸ்எம்எல் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து எழுதுங்கள். வார் கோப்பை (ஒரு வெப் செயலியைக் கட்டி வைக்கும் கோப்பு) பண்டிலாக்கிப் போடுகிறவர்கள், மேனிஃபெஸ்டில் வெப்-கனெக்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் அந்தப் பெயரைக் கொடுத்தால் அந்தச் செயலி அந்தக் கனெக்டரில் மட்டும் தெரியும். பக்கத்திலேயே வெப்-விர்ச்சுவல்ஹோஸ்ட்ஸ் என்ற தலைப்பும் உண்டு, அது டொமைன் பெயரை வைத்துப் பிரிப்பதற்கு.

இதற்கு அடியில் இருப்பது ஜெட்டியின் ஒரு வசதி. ஜெட்டி 8 வரை கான்டெக்ஸ்டில் செட்கனெக்டர்நேம்ஸ் என்ற மெத்தட் இருந்தது. 9 தொடரில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாக விர்ச்சுவல் ஹோஸ்ட் பட்டியலிலேயே @ குறி போட்டுக் கனெக்டர் பெயரை எழுத வேண்டும், "@அலுவலகம்" என்பது போல. பழைய பாடங்களைப் படித்துவிட்டு அந்த மெத்தட்டைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. விர்ச்சுவல் ஹோஸ்ட் எதுவும் எழுதாத கான்டெக்ஸ்ட் எல்லாக் கனெக்டரிலும் தெரியும், டார்கெட் கதையேதான். மறுபக்கம், @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரில் ஓர் எழுத்து தப்பினால் கான்டெக்ஸ்ட் எங்கேயும் தெரியாது. எந்த வாசலில் தட்டினாலும் 404-தான்.

தனித்தனி ரன்டைம், பெயர் வைத்த கனெக்டர், இரண்டில் எது நல்லது?

எங்களுக்குத் தனித்தனி ரன்டைம்தான் பிடிக்கும். முதல் காரணம், டார்கெட் என்பது விதிமுறையில் உள்ளது. ஃபெலிக்ஸிலிருந்து வேறொன்றுக்கு மாறினாலும் சர்வ்லெட் பக்கத்தில் ஒரு எழுத்தும் மாறாது. இரண்டாவது, ஒவ்வொரு சர்வருக்கும் தனி த்ரெட் பூல், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்டுகளின் கூட்டம். பொங்கலுக்கு முன் வெளி வாசலில் கூட்டம் அலைமோதினாலும் எடைமேடைக்கான த்ரெட்டுகளை யாரும் பிடித்துவைக்க முடியாது. எடைமேடையில் டிராக்டர் வரிசையில் நிற்கும்போது திரை உறைந்து போனால் அந்த வசவை வாங்குவது நாம் இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் பையன்.

நினைவகம் குறைந்த சின்னக் கணினி என்றால் பெயர் வைத்த கனெக்டர் போதும். ஒரே த்ரெட் பூல், ஒரே சர்வர், சுமை குறைவு. கராஃபில் இருக்கிறவர்களும் அங்கே உள்ள பழக்கத்தோடு போவதே நல்லது.

ஈக்வினாக்ஸ், டாம்கேட்?

ஈக்வினாக்ஸ் என்பது எக்லிப்ஸின் ஓஎஸ்ஜிஐ மென்பொருள். அதன் ஜெட்டி பண்டிலில் பல சர்வர்கள் எழுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் "அதர்.இன்ஃபோ" என்று ஒரு ப்ராப்பர்ட்டி கொடுத்து, அதை வைத்துச் சரியான எச்டிடிபி சர்வீஸைத் தேர்ந்தெடுக்கலாம். தனியாக ஓடும் டாம்கேட்டில் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் சர்வீஸ் பகுதியை இரண்டாக எழுதி, ஒவ்வொன்றிலும் அதற்கான கனெக்டரையும் எஞ்சினையும் வைக்க வேண்டும். எண்ணம் ஒன்றுதான்.

இவ்வளவு சுற்று எதற்கு? சர்வ்லெட்டுக்கு முன்னால் நிற்கும் ஒரு சர்வ்லெட் ஃபில்டர் (டார்கெட்டில் எழுதும் ஃபில்டர் அல்ல) எழுதி, போர்ட் எண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் போதாதா?

கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே முழுதாக நம்பாதீர்கள். கோரிக்கை சர்வ்லெட்டின் வாசல் வரை வந்த பிறகுதான் தடுக்கிறீர்கள். ஃபில்டரின் பாதையில் ஒரு பிழை என்றால் கதவு திறந்தே இருக்கும்.

எழுதுவதாக இருந்தால் கெட்லோக்கல்போர்ட் மெத்தட்டைப் பயன்படுத்துங்கள், கெட்சர்வர்போர்ட்டை அல்ல. இந்த வித்தியாசம் உயிர்நாடி. கெட்சர்வர்போர்ட் சொல்வது, கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரில் வந்த எண்ணை. அதை அனுப்புகிறவர் என்ன வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். 8443-இல் உள்ளே வந்துவிட்டு ஹோஸ்டில் 9090 என்று எழுதினால் உங்கள் ஃபில்டர் வணக்கம் சொல்லி உள்ளே விடும். கெட்லோக்கல்போர்ட் சொல்வது, இணைப்பு உண்மையில் வந்து சேர்ந்த போர்ட்டை. சர்வ்லெட் 2.4-இலிருந்தே அது இருக்கிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி நின்றால், அது உங்கள் எந்தப் போர்ட்டுக்குத் தள்ளுகிறதோ அந்த எண்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு சர்வ்லெட் எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் வர வேண்டும். டார்கெட்டால் முடியுமா?

அந்த ரன்டைமில் சாதாரண எச்டிடிபி கனெக்டரே இல்லாவிட்டால் முடியும். ஃபெலிக்ஸில் ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.எனேபிள் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபிஎஸ்.எனேபிள் என்பதை ட்ரூ ஆக்குங்கள். கீஸ்டோர் விவரங்களையும் அதே கோப்பில் கொடுங்கள். இரண்டும் ஒரே ரன்டைமில் இருந்தால், மேலே எண்ட்பாயின்ட் கேள்வியில் சொன்ன கதைதான்.

அலுவலகப் பக்கத்தில் லாகின் செய்தால், எடைமேடைப் பக்கத்தில் வெளியேறிவிடுகிறது. இரண்டும் தனி சர்வர் ஆயிற்றே?

சர்வர் தனி, குக்கி தனி இல்லை. உலாவி குக்கியைப் போர்ட் வாரியாகப் பிரித்து வைப்பதில்லை. ஒரே ஐபி முகவரி என்றால் 9090-க்கும் 9091-க்கும் ஒரே பெட்டி. குக்கி பற்றிய ஆர்எஃப்சி 6265 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. இரண்டு சர்வரும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரில் எழுதும்போது, பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிடும்.

தீர்வு சின்னதுதான். ஒவ்வொரு சர்வரின் அமைப்பிலும் ஆர்க்.எக்லிப்ஸ்.ஜெட்டி.சர்வ்லெட்.செஷன்குக்கி என்ற ப்ராப்பர்ட்டிக்கு வேறு வேறு பெயர் கொடுங்கள். எங்களுக்கு இது தெரிய வர ஒரு வாரம் ஆனது. ஆலையில் ஒருவரே இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்த டேபில் திறந்து வைத்திருந்தார், எங்கள் மேசையில் நாங்கள் ஆளுக்கொரு கணினியில் சோதித்தோம். பிழை அங்கே வந்தது, இங்கே வரவில்லை.

சர்வ்லெட் எந்தப் போர்ட்டிலும் வரவில்லை. எங்கே தேடுவது?

ரன்டைமிடமே கேளுங்கள். கெட்ரன்டைம்டிடிஓ என்ற மெத்தட் எல்லாக் கான்டெக்ஸ்டுகளையும் அவற்றில் ஏறிய சர்வ்லெட்டுகளையும் தரும். ஏற முயன்று தோற்றவற்றைக் காரண எண்ணோடு தனிப் பட்டியலாகத் தரும். 1 என்றால் பொருந்தும் கான்டெக்ஸ்ட் இல்லை. 3 என்றால் அதே பாதையில் வேறொரு சர்வ்லெட் முந்திக்கொண்டது. 4 என்றால் இனிட் மெத்தட்டில் பிழை. ஃபெலிக்ஸ் வெப் கன்சோல் இருந்தால் இதையெல்லாம் திரையிலேயே பார்க்கலாம்.

உங்கள் சர்வ்லெட் தோற்றவர்கள் பட்டியலிலும் இல்லையென்றால், சந்தேகப்பட வேண்டியது டார்கெட்டை. டார்கெட் பொருந்தாத சர்வ்லெட்டை ரன்டைம் தன்னுடையதாகவே நினைப்பதில்லை, அதனால் தோல்வியாகவும் எழுதி வைப்பதில்லை. ரன்டைமின் ப்ராப்பர்ட்டிகளை அச்சிட்டு, மதகு என்ற பெயர் அங்கே இருக்கிறதா, எழுத்துகள் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அதுவும் சரியென்றால், சர்வ்லெட் ஜாவாக்ஸ் பெயரில் பதியப்பட்டு, சர்வர் ஜகார்த்தாவை எதிர்பார்க்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடைமுகங்கள், ஒன்று மற்றொன்றின் கண்ணில் படாது.

கரண்ட் போய் வந்தால் எந்த சர்வர் முதலில் எழும் என்று தெரியாது. வரிசை குலைந்தால்?

குலையட்டும். ஒயிட்போர்டு முறையில் சர்வ்லெட் முதலில் வந்தால் சர்வருக்காகக் காத்திருக்கும், சர்வர் முதலில் வந்தால் சர்வ்லெட் வந்ததும் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் நாலு முறை மின்தடை வந்தாலும் நாங்கள் ஆலைக்கு ஓட வேண்டியதில்லை. அமைப்பில் சொன்ன ஐபி முகவரி கணினிக்குக் கிடைப்பதற்கு முன் ஜெட்டி எழுந்தால் மட்டும் போர்ட்டைத் திறக்க முடியாமல் நின்றுவிடும். அந்தக் கணினிக்கு நிலையான முகவரி கொடுத்து, வலையமைப்பு எழுந்த பிறகு ஜாவாவைத் தொடங்குங்கள்.

எல்லாம் சரியாகக் கட்டியாயிற்று என்று எப்படி உறுதி செய்வது?

அலுவலகத்தில் வருகிறதா என்று பார்ப்பது பாதி சோதனைதான். வரக் கூடாத இடத்தில் வரவில்லையா என்று பார்ப்பது மீதிப் பாதி.

நாங்கள் செய்வது இது. முதலில் சர்வர் கணினியில் எஸ்எஸ் கட்டளையைப் போட்டு, எந்த முகவரியில் எந்தப் போர்ட் கேட்கிறது என்று பார்ப்போம். 9090-க்கு எதிரே 0.0.0.0 என்று இருந்தால் ஹோஸ்ட் வரி வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு ரன்டைமிலும் கால்குலேட்ரெக்வெஸ்ட்இன்ஃபோடிடிஓ என்ற மெத்தட்டுக்கு எல்லாப் பாதைகளையும் வரிசையாகக் கொடுப்போம். அந்தப் பாதைக்கு எந்த சர்வ்லெட் பதில் சொல்லும் என்று அது சொல்லும். விவசாயி ரன்டைமில் விலை திருத்தும் சர்வ்லெட்டின் பெயர் வந்தால் பில்டையே நிறுத்திவிடுவோம். கடைசியாக ஒருவர் ஆலையின் வைஃபையை அணைத்துவிட்டு, தன் போனின் டேட்டாவில் வெளி முகவரியைத் திறந்து, அலுவலகப் பாதைகள் ஒவ்வொன்றையும் கையால் அடிப்பார். அத்தனைக்கும் 404 வந்த பிறகுதான் சாவியை ஆலைக்காரரிடம் கொடுப்போம்.